பிணை

பிளேஸ்டோ, லண்டன்
9 ஜூன் 1996

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொழும்பில் கன்னியர் மடத்துக்கு அனுப்புகிறேன். சிஸ்டர் பெர்னடெற் அடுத்த முறை வன்னிக்கு வரும்போது தன் கையாலேயே தருவதாகச் சொன்னார். தபாலில் போட்டால் வழியில் எத்தனை பேர் பிரிப்பார்களோ தெரியாது. உங்கள் கண்ணுக்கு மட்டும் என்பதால் ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தை மாதம் என்னையும் ஆரபியையும் லொறியில் ஏற்றிவிட்டபோது, "மூண்டு மாசம், அவ்வளவுதான். பின்னால வாறன்" என்றீர்கள். இப்போது ஆனி பிறக்கப் போகிறது.

சிவானந்தன் அண்ணை வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை தந்திருக்கிறார்கள். கட்டில் போட்ட பிறகு கதவு பாதிதான் திறக்கும். என் பாஸ்போட்டை ஹோம் ஒஃபிஸ் எடுத்து வைத்துக்கொண்டது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலை செய்யக் கூடாது, நாட்டை விட்டு வெளியே போகவும் ஏலாது. ஆஸ்பத்திரியில் ஒரு வோர்ட்டையே நடத்திய நான், குளிக்கப் போனால் கீழே அண்ணிக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்குமே என்று வாளியில் கொஞ்சமாகப் பிடித்துக் குளிக்கிறேன். அண்ணி கெட்டவர் இல்லை. அவர் வீட்டில் நாங்கள் இருவர் கூடுதலாக இருக்கிறோம், அதுதான்.

அண்ணை கொழும்பில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்டோடு கதைத்து எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டார். நீங்கள் எப்படியாவது கொழும்புக்கு வந்து சேர்ந்தால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். வன்னியை விட்டு வெளியே வர இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும் என்று தெரியும். டொக்டருக்கு லேசில் தரமாட்டார்கள் என்றும் தெரியும். கேட்டுப் பார்த்தீர்களா, இல்லையா? அதைத்தான் அறிய வேண்டும்.

ஆரபி பள்ளிக்கூடம் போகிறாள். ரீச்சர் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாளாம்.

வத்சலா


மல்லாவி
28 ஜூலை 1996

அன்புள்ள வத்சலாவுக்கு,

சிஸ்டர் உம்முடைய கடிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஆமிச் சோதனைச் சாவடியில் உடுப்புப் பையைக் கொட்டிக் கிளறியவர்கள் ஜெபப் புத்தகத்தைத் தொடவில்லையாம். ஆளுக்கு நல்ல புளுகம், சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பாஸ் கேட்டேன். இயக்கப் பொறுப்பாளர் தேத்தண்ணி தந்து மரியாதையாகத்தான் கதைத்தார். "டொக்டர், நீங்களும் போனால் இந்தச் சனத்துக்கு ஆர்? கொஞ்ச நாள் பொறுங்கோ" என்றார். எத்தனை நாள் என்று கேட்டதற்குச் சிரித்தார். எழுந்து வந்துவிட்டேன்.

இங்கே நிலைமை இதுதான். யாழ்ப்பாணத்தை விட்டு வந்த சனம் பள்ளிக்கூடங்களிலும் மரங்களுக்குக் கீழும் கிடக்கிறது. ஒரு வகுப்பறையை ஏழு குடும்பம் சேலையால் மறித்து வைத்திருக்கிறது. அதற்குள் சின்னமுத்து அம்மை வந்துவிட்டது. ஒரு பிள்ளைக்கு வந்தால் சேலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் வருகிறது. சாப்பாடில்லாத உடம்பு, காய்ச்சல் நெஞ்சுச் சளியாக மாறியதும் தாங்குவதில்லை. சென்ற கிழமை ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளையும் நான்தான் பார்த்தேன். பார்த்தேன் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

ஊசி போட்டிருந்தால் வந்திருக்காது. ஊசிமருந்து கொழும்பில் இருக்கிறது. குளிர் விட்டுப் போனால் அது வெறும் தண்ணீர் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களிடம் இருப்பது மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்சாதனப் பெட்டி, மண்ணெண்ணெய்க்குத்தான் அரசாங்கத் தடை. ஆனாலும் ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். இந்தப் பகுதியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டே நாளில் ஊசியும் போலியோச் சொட்டும் கொடுப்பது. அந்த இரண்டு நாளும் வெடிச்சத்தம் இல்லாமல் இருக்க இரு பக்கமும் சம்மதிக்க வேண்டும். செஞ்சிலுவைக்காரர் கதைக்கிறார்கள்.

மரியமலரை மறந்திருக்கமாட்டீர். ஊரடங்குக்குள் சைக்கிளில் வந்து ஆரபியைப் பிறப்பித்த மருத்துவமாது. கணவர் ஷெல்லில் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளோடு இங்கேதான் இருக்கிறார். நாங்கள் இருவருமாகக் கொட்டில் கொட்டிலாகப் போய்ப் பிள்ளைகளின் பெயர் எடுக்கிறோம்.

ஆரபி தலையை ஆட்டுவது பரவாயில்லை. காது கேட்கிறது என்று அர்த்தம்.

குருமூர்த்தி


பிளேஸ்டோ
15 செப்டம்பர் 1996

அத்தான்,

நான் எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். நீங்கள் மண்ணெண்ணெயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு பிள்ளைகளின் கதையை வாசித்துவிட்டு அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நினைக்க வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலாவது 'வர வேண்டும்போல இருக்கிறது' என்று ஒரு வரி இருக்குமா என்று மூன்று தரம் தேடினேன். பாஸ் தராததில் உங்களுக்கு ஒரு நிம்மதி இருப்பதுபோலப் பட்டது. பிழையென்றால் மன்னியுங்கோ.

இங்கே கிளினிக்கில் ஆரபிக்கு ஊசி போட்டார்கள். கண்ணாடிக் கதவு வைத்த பெரிய பிரிட்ஜ். அதற்குள் மருந்துக் குப்பிகள் வரிசையாக, யாரும் கேட்பாரில்லாமல் அடுக்கிக் கிடந்தன. இந்த ஒரு தட்டு போதுமே மல்லாவிக்கு என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நேர்ஸ் என்னை இரண்டு தரம் கூப்பிட்டதாம், எனக்குக் கேட்கவில்லை. ஆரபி அழவில்லை. வெளியே வந்ததும், "அப்பா போட்டா நோகாது" என்றாள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். மருந்து கொழும்பில்தானே இருக்கிறது? அதைக் கொண்டுவர டொக்டர் நேரே போக வேண்டும் என்று பாஸ் கேளுங்கள். உங்களுக்கு இல்லை, பிள்ளைகளின் மருந்துக்கு என்றால் மறுக்கமாட்டார்கள். கொழும்பில் மருந்தை எடுத்து ஆரிடமாவது பொறுப்புக் கொடுத்து அனுப்பிவிட்டு, நீங்கள் அங்கேயே நில்லுங்கள். ஏஜென்ட் வந்து சந்திப்பார்.

பிள்ளைகளுக்கும் மருந்து போகும், எங்கள் பிள்ளைக்கும் தகப்பன் வருவார். இதில் ஆருக்கு நட்டம்?

வத்சலா


மல்லாவி
24 நவம்பர் 1996

அன்புள்ள வத்சலாவுக்கு,

பாஸ் கிடைத்திருக்கிறது.

நீர் சொன்னதால் மட்டும் இல்லை. சென்ற மாதம் கொழும்பிலிருந்து மருந்துப் பெட்டிகள் புறப்பட்டு வந்தன. சோதனைச் சாவடியில் அவற்றை வெயிலில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே என்ன, எதற்கு ஐஸ் என்று இரண்டு நாள் விசாரித்திருக்கிறார்கள். இங்கே வந்து திறந்தபோது பெட்டிக்குள் இளஞ்சூடு. எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தோம். மரியமலர் அழுதுகொண்டே மண்ணைத் தள்ளினார். அதற்குப் பிறகுதான், பெட்டிகளோடு ஒரு டொக்டரே வந்து சாவடியில் நின்று விளங்கப்படுத்த வேண்டும் என்று இயக்கமும் ஒத்துக்கொண்டது.

இரண்டு கிழமைக்குப் பாஸ், பதினாலே நாள். போகிறவர் திரும்பி வருவதற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். பிணை நின்றவர் அதுவரை இந்த இடத்தை விட்டு அசைய முடியாது. போனவர் வராவிட்டால் பிணை நின்றவரைக் கொண்டுபோய் வைப்பார்கள். எவ்வளவு காலம் என்று கேட்கக் கூடாது.

எனக்கு இங்கே சொந்தக்காரர் இல்லை. இரண்டு பேரைக் கேட்டேன், நிலத்தைப் பார்த்தார்கள். மரியமலரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே வந்து, "ஏன் டொக்டர் என்னட்டைக் கேக்கேல்லை? ஆர் கையெழுத்து வைச்சாலும் மருந்து வருந்தானே?" என்றார். வைத்துவிட்டார்.

நீர் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மார்கழி நடுவில் மடத்தில் இருப்பேன். அங்கிருந்து போன் எடுக்கிறேன். ஆரபியையும் பக்கத்தில் நிற்பாட்டும்.

குருமூர்த்தி


பிளேஸ்டோ
19 ஜனவரி 1997

டொக்டர் குருமூர்த்தி அவர்களுக்கு,

நீங்கள் போன் எடுத்த அன்று வீட்டில் எல்லோரும் ஹோலில் நின்றோம். அண்ணை கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஆரபி முதலில் கதைத்தாள். அதாவது, றிசீவரைக் காதில் வைத்து மூச்சு விட்டாள். பிறகு நான் வாங்கினேன்.

"வாங்கோ" என்றேன். நீங்கள் "மரியமலர்..." என்று தொடங்கினீர்கள். "அவவைப் பற்றி இப்ப கதைக்காதேங்கோ, நீங்கள் வாங்கோ" என்று மறித்தேன். லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு, "சரி வத்சலா, நான் வாறன்" என்றீர்கள்.

எங்கள் ஊரில் கடைக்குப் போகிறவனும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் படியிறங்குவான். அந்த நேரத்தில் அது என் மண்டையில் ஏறவேயில்லை. றிசீவரை வைத்துவிட்டு, "அவர் வாறாராம்" என்று கத்தினேன். அண்ணி என்னைக் கட்டிப்பிடித்தார். தன் தையல் மெஷினை எங்கள் அறையிலிருந்து தானே தூக்கி வெளியே வைத்தார். லூயிஷாம் சிவன் கோவிலுக்குப் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். ரயிலில் வரும்போது ஆரபி எதிரில் இருந்த வெள்ளைக்காரக் கிழவியிடம் தானாகவே, இங்கிலீசில், "மை அப்பா இஸ் கமிங்" என்று சொன்னாள். அவள் வெளியாருடன் வாய் திறந்தது அதுதான் முதல்தரம்.

டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஏஜென்டிடமிருந்து ஒரு தகவலும் இல்லையே என்று மடத்துக்கு எடுத்தேன். "அவர் போன் எடுத்த அண்டைக்கே பெட்டியளோட லொறியில ஏறிட்டாரே, வத்சலா! உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றார் சிஸ்டர்.

அண்ணை மேசையில் கையால் அடித்தார். "இனி உன்ர மனுசன்ர கதையை இந்த வீட்டுக்க எடுக்காதை" என்றார். தையல் மெஷின் திரும்ப அறைக்குள் வந்துவிட்டது.

போன கிழமை ஹரோவில் ஒரு டொக்டர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனோம். "உங்கட மிஸ்டர் பெரிய சேவை செய்யிறார்" என்றார் அவர், தன் மகனை மடியில் வைத்துக்கொண்டு. நான் ஓம் என்றேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும். மரியமலருக்கு என்ன நடக்கும் என்று நான் யோசிக்காமல் கதைத்தேன் என்று நினைக்காதேயுங்கோ. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து வேறு யோசனையே இல்லை. என் பிள்ளையை முதலில் தொட்ட கை அவருடையது. எல்லாம் யோசித்த பிறகுதான் வாங்கோ என்றேன். நான் அப்படிப்பட்டவளாகிவிட்டேன். இந்த அறை என்னை அப்படி ஆக்கிவிட்டது.

வத்சலா


மல்லாவி
2 மார்ச் 1997

அன்புள்ள வத்சலாவுக்கு,

நீர் எழுதியது எல்லாம் சரி. 

ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். போன் எடுப்பதற்கு முந்தின நாள் ஏஜென்ட் மடத்துக்கு வந்தார். அவரோடு போய்ப் படம் எடுத்தேன். பாஸ்போட்டுக்கு வேறு ஒரு பெயர் கூடச் சொன்னார்கள், அந்தப் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு மடத்துக்குத் திரும்பினேன். மருந்துப் பெட்டிகள் விறாந்தையில் இருந்தன. கொண்டுபோக ஒருவரைத் தேடினேன். பாதிரியார் ஒருவர் சம்மதித்தார், பிறகு வவுனியாவில் சண்டை என்று கேட்டுப் பின்வாங்கினார். வேறு யாராவது கொண்டுபோயிருந்தால் நான் வந்திருப்பேன். மரியமலரைப் பிடிப்பார்கள் என்று நினைத்த பிறகும் வந்திருப்பேனோ என்று கேட்டால், தெரியாது. அந்த முடிவை எடுக்கும் இடத்துக்கு நான் போய்ச் சேரவில்லை. லொறி வந்து நின்றது, பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, ஏறிவிட்டேன்.

போனில் நான் சொன்னது என்ன அர்த்தத்தில் என்று நீர் கேட்கவில்லை. சொல்லும்போது எனக்கே தெரியாது.

சாவடியில் மறித்துவிட்டார்கள். ஐஸை மாற்ற விடுங்கள் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். தனக்கும் குருநாகலில் ஒரு கைக்குழந்தை இருப்பதாகச் சொன்னான். ஐஸ் கொண்டுவரவும் விட்டான். ஆனால் மேலிடத்து உத்தரவு வரும்வரை பாதையைத் திறக்கவில்லை. மருந்து தப்பிவிட்டது. பாஸ் நாள் முடிந்துவிட்டது.

நான் வந்து சேர்ந்தபோது மரியமலரைக் கொண்டுபோயிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் பக்கத்துக் கொட்டிலில் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தன. நேரே இயக்க அலுவலகத்துக்குப் போய் நின்றேன். அன்று பின்னேரம் விட்டார்கள். வெளியே வந்தவர் என்னைக் கடந்து பிள்ளைகளிடம் நடந்தார். பிள்ளைகளைக் கண்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"டொக்டர், மருந்து வந்ததோ?"

"ஓம்."

"அப்ப சரி. ஆனா இனி நான் ஒருத்தருக்கும் பிணை நிக்கமாட்டன். உங்களுக்கும்தான். என்ர பிள்ளையள் நான் செத்திட்டன் எண்டு நினைச்சதுகள்."

அவர் சொன்னது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இனி எனக்காக இங்கே எவரும் கையெழுத்து வைக்கப்போவதில்லை. எனக்கு இருந்த ஒரு கதவு அதுதான், வத்சலா. அதை மருந்துப் பெட்டிக்காகத் திறந்தேன், மூடிக்கொண்டது.

மாசி முதற்கிழமையில் ஊசித் திட்டத்தை இரண்டு நாள் நடத்தினோம். முதல் நாள் ஒரு வெடிச்சத்தமும் இல்லை. அந்த அமைதியே சனத்துக்குப் பயமாக இருந்தது, பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். விளாங்குளம், பனையடி, பள்ளிக்கூட முகாம் எல்லாம் முடித்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் பள்ளிக்கூடக் கிணற்றடியில் ஷெல் விழுந்தது. யார் அடித்தது என்று இரு பக்கமும் மற்றப் பக்கத்தைச் சொல்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசிக் கிராமம் மட்டும் விடுபட்டுவிட்டது.

ஆரபி வாய் திறந்ததைக் கேட்டேன். இங்கிலீசிலாவது கதைக்கட்டும்.

குருமூர்த்தி


பிளேஸ்டோ
12 ஒக்டோபர் 1997

அத்தான்,

உங்களுக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன். கோடை முழுக்க எழுதவில்லை.

ஹோம் ஒஃபிஸ் முடிவு வந்துவிட்டது. அகதியாக ஏற்கவில்லை, ஆனால் இருக்கலாம். குடும்பத்தைக் கூப்பிட நான்கு வருடம் பொறுக்க வேண்டும். நீங்கள் அங்கே பூட்டுப்பட்டு இருக்கிறீர்கள், இங்கே எனக்கு முத்திரை குத்திப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அண்ணை வீட்டை விட்டு வந்துவிட்டோம். கவுன்சில் தந்த ஒற்றை அறை, ஆனால் கதவு முழுதாகத் திறக்கிறது.

வேலை செய்ய அனுமதி கிடைத்தது. ஆரபிக்கு ஊசி போட்ட அதே கிளினிக்கில் துப்புரவு வேலை. தமிழ் ஆட்கள் வந்தால் துடைப்பத்தை வைத்துவிட்டு மொழிபெயர்க்கப் போவேன். போன செவ்வாய் ஒரு பெண் வந்தாள். பெயர் தவநாயகி. மூன்று வயதுப் பொடியன். வன்னியிலிருந்து வள்ளத்தில் இந்தியா போய், பிறகு இங்கே வந்திருக்கிறாள். நேர்ஸ் சின்னமுத்து ஊசி போட்டதா என்று கேட்கச் சொன்னா.

"ஓம், போட்டது. மல்லாவிப் பள்ளிக்கூடத்தில, இந்த மாசியில" என்றாள்.

"ஆர் போட்டது?" என்று கேட்டேன். அது நேர்ஸ் கேட்ட கேள்வி இல்லை.

"ஒரு டொக்டர் ஐயா. மெலிஞ்சவர். வரிசையைக் குழப்பினால் நல்லாப் பேசுவார். பாவம், ஷெல் விழுந்து கையெல்லாம் ரத்தம். எல்லாரும் ஓடிட்டம். பிறகு அவர் மரத்துக்குக் கீழ இருந்துகொண்டு திரும்பக் கூப்பிட்டவர். இடக்கையைத் துணியால நெஞ்சோட கட்டியிருந்தது. அந்த மிட்வைஃப் அக்கா பிள்ளையளைப் பிடிச்சுக் குடுக்க, ஒற்றைக் கையால போட்டவர். இவன்தான் அண்டைக்குக் கடைசிப் பிள்ளை."

அவள் என்ன சொல்கிறாள் என்று நேர்ஸ் கேட்டா. "போட்டாச்சு" என்று மட்டும் சொன்னேன்.

பொடியனின் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தேன். அங்கே ஒரு தழும்பும் இல்லை, இருக்கவும் மாட்டாது என்று நேர்சாக இருந்த எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் விரலை வைத்தேன். அவன் கூச்சத்தில் சிரித்தான். தவநாயகி, "என்னக்கா, ஏன் அழுறீங்கள்?" என்றாள். "எனக்கு அவரைத் தெரியும்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதினீர்கள். உங்கள் கை காயப்பட்டதை நான் பிளேஸ்டோவில் ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் வாயால் அறிய வேண்டியதாயிற்று. கோபப்படவும் தெம்பில்லை. மருந்தைப் பற்றி எழுத வேண்டாம், சனத்தைப் பற்றி எழுத வேண்டாம். உங்களுக்கு எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுதுங்கோ.

வத்சலா


மல்லாவி
7 டிசம்பர் 1997

அன்புள்ள வத்சலாவுக்கு,

இடக்கை முழங்கையில் மடங்குகிறது, முழுதாக நிமிராது. சின்ன விரலிலும் அதற்கு அடுத்ததிலும் உணர்ச்சி இல்லை. கடுதாசியைப் பிடிக்கக் கல் ஒன்று வைத்துத்தான் எழுதுகிறேன். மழை நாட்களில் உள்ளே குத்துகிறது. ஒரு சின்னத் துண்டு எலும்போடு இருக்கிறது, அதை எடுக்க இங்கே வசதி இல்லை. கொழும்புக்குப் போனால் எடுக்கலாம். பாஸ் கேட்டேன். பிணைக்கு ஆள் கொண்டுவரச் சொன்னார்கள்.

மரியமலர் ஒவ்வொரு நாளும் காயத்துக்கு மருந்து கட்டினார். பிணை நிற்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது சரிதான்.

மழை தொடங்கிய பிறகு அந்த விடுபட்ட கிராமத்தில் சின்னமுத்து வந்தது. ஊசி போட்ட இடங்களில் வரவில்லை. மருந்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர். இது மருந்தைப் பற்றி இல்லை. நான் நல்லாய் நித்திரை கொள்வதில்லை என்பதற்கான காரணம்.

'வர வேண்டும்போல இருக்கிறது' என்று ஒரு வரியாவது உண்டா என்று நீர் முதல் ஆண்டு தேடியதற்கு நான் பதிலே எழுதவில்லை. எனக்கு இங்கே இருக்க விருப்பமில்லை, வத்சலா. ஒரு நாளும் விருப்பமாக இருக்கவில்லை. எழுதினால் அதற்குப் பிறகு ஒரு வேலையும் செய்ய ஏலாது என்று பயந்து எழுதாமல் விட்டேன். உம்மோடு அந்த ஒற்றை அறையில் இருக்க வேண்டும். ஆரபி இங்கிலீசில் கதைக்க, எனக்கு விளங்காமல் நீர் சொல்லித் தரவேண்டும். இதைத்தான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன்.

அப்பா எங்கே என்று அவள் கேட்டால், நான் வேலையாக இருக்கிறேன் என்று சொல்லாதேயும். அவர் வரத்தான் ஆசைப்படுகிறார், அவரை வர விடுகிறார்களில்லை என்று சொல்லும். அந்த ஆசை, இந்தத் தடை, இரண்டையும் சொல்லும். ஒன்றை மட்டும் சொன்னால் அவள் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வாள், நீர் விளங்கிக்கொண்டதுபோல.

உம்முடைய
குரு